மனமகிழ் மன்றத்து ஊழியம்

இடது கையில் மூன்று விரலை வைத்துக்கொண்டு முதலாளி ஆகிவிடுவது என்று 2009-ஆம் வருஷம் ஆவணியில் முடிவு செய்தேன். மீதி இரண்டு விரலைச் சுப்பையன் கம்பெனியின் கட்டிங் மெஷின் எடுத்துக்கொண்டிருந்தது.

ஊர் சாத்தான்குளம். பெயர் ஆசீர்வாதம். இரண்டுக்கும் எனக்குள் எப்போதும் இழுபறிதான். திருப்பூருக்கு வந்து கட்டிங் மாஸ்டர் ஆனவன். அவசர ஆர்டர் என்று முதலாளி சுப்பையன் கத்திக்கு இருந்த கவசத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். பனியன் துணியோடு விரலும் போயிற்று. ஆர்டர் மட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாளில் வெளிநாட்டு ஆர்டர்கள் நின்று, அந்தக் கம்பெனியும் மூடிக்கொண்டது.

என் மனைவி ஜெபக்கனி வேறொரு கம்பெனியில் செக்கிங், தைத்த பனியனில் குறை பார்க்கிற வேலை. வேலம்பாளையத்து லைன் வீட்டில் சம்பாதிப்பது அவள். சமைப்பது அவள். துக்கப்படுகிற வேலையை நான் கவனித்துக்கொண்டேன்.

அப்போதுதான் மங்கலம் ரோட்டு மனமகிழ் மன்றத்தில் ரம்மிப் போட்டி அறிவித்தார்கள். வாசலில் சீரியல் பல்பால் 'கேசினோ' என்று எழுதியிருந்தது. முதல் பரிசு ஐந்து தையல் மெஷின். வாங்க ஆளில்லாமல் கடையில் தூசி படிந்து நின்றவற்றை ஒரு வியாபாரி கொடுத்திருந்தார். ஐந்து மெஷின் இருந்தால் நானும் முதலாளி. சீட்டு எனக்குக் கைவந்த கலை. பதிமூன்று சீட்டும் என் மூன்று விரலுக்குள் விசிறி மாதிரி நிற்கும். பிரச்சினை சீட்டில் இல்லை. அடுப்படியில் இருந்தது.

"ஜெபக்கனி, கர்த்தர் என்கூடப் பேசினாரு," என்றேன்.

கஞ்சி வடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "என்ன சொன்னாரு?"

"மன்றத்துல சீட்டாடுத ஆத்துமாக்கள் அழிஞ்சு போகுதாம். நான் போயி ஊழியம் செய்யணுமாம்."

"வெளிய நின்னா, உள்ள போயா?"

"உள்ள போகணும்னா போட்டிக்குப் பேரு குடுக்கணும்."

"அப்ப குடுங்க."

"ஆடவும் வேண்டியிருக்குமே?"

"ஆடுங்க. சும்மா ஒக்காந்திருந்தா வெளிய அனுப்பிருவானுவல்லா."

இவ்வளவு சுலபமாக ஏமாறுவாள் என்று தெரிந்திருந்தால் கல்யாணமான வருஷமே கர்த்தரைப் பேச வைத்திருப்பேன்.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள். "ஞாயித்துக்கிழம சபையில சொல்லிட்டுப் போங்க."

சபையில் எழுந்து நின்றேன். பாஸ்டர் என் தலையில் கை வைத்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் விழித்தபோது ஜெபக்கனி பின்னாலிருந்து முணுமுணுத்தாள். "இந்த ஊழியத்துல எது வந்தாலும் கர்த்தருக்கே." அதை அப்படியே உரக்கச் சொன்னேன். சபை மொத்தமும் ஆமென் என்றது.

சட்டைக்கு உள்பக்கம் பெரிய பாக்கெட் தைத்து, அது நிறைய இயேசுவைப் பற்றி அச்சடித்த கைப்பிரதிகளைத் திணித்தாள். "ஒக்காந்ததும் மொதல்ல இதக் குடுத்துப் பேசணும். அப்புறந்தான் சீட்டு."

"மறந்துட்டா?"

"வந்ததும் ஆள் பேரு கேப்பேன். பேரச் சொல்லி ஜெபிக்கணும்லா."

முதல் ஆட்டத்தில் எதிரே இருந்தவர் நூல் புரோக்கர் அப்புசாமி.

"ஏனுங்க, சீட்டுப் போடாம நோட்டீஸ் குடுக்கறீங்க?"

"இயேசு உங்கள நேசிக்காரு அண்ணாச்சி."

"அவரு ஒருத்தராவது நேசிக்கட்டுமுங்க. பெத்த பையன் எங்கூடப் பேசி ஒரு வருசமாச்சு."

கண்ணைத் துடைத்தவர் எனக்கு வேண்டிய சீட்டைக் கீழே போட்டார். எடுத்துக்கொண்டேன். ஆறுதல் சொன்னேன். ஜெயித்தேன்.

அந்த மனமகிழ் மன்றத்தில் மனம் மகிழ்ந்து உட்கார்ந்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் எதையோ மூடிவிட்டு வந்தவர்கள். ஒருவருக்குச் சாயப்பட்டறை. ஒருவரிடம் அவர் அண்ணன், வீட்டு வாசல்படி மிதிக்காதே என்று சொல்லியிருந்தார். கைப்பிரதியை நீட்டி ரெண்டு வார்த்தை பேசினால் போதும், மனசைத் திறந்துவிடுவார்கள். மனசு திறந்தால் கையும் திறந்துவிடும். ஆறுதல் சொல்லிக்கொண்டே அவர்கள் போடும் சீட்டைக் கவனித்தேன். ஜெயித்துக்கொண்டே போனேன்.

வீட்டுக்கு வந்தால் ஜெபக்கனி சோற்றைப் போட்டுவிட்டுப் பேரைக் கேட்பாள். சொல்வேன். முழங்காலில் நிற்பாள். "அப்பா, அப்புசாமி அண்ணாச்சி மகன் அவியகூடப் பேசணும்." குரல் உடைந்து அழுவாள். நான் தோற்கடித்துவிட்டு வந்த ஆட்களை அவள் ஒவ்வொருவராகத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் போய் மறுபடி ஜெயித்தேன்.

இறுதி ஆட்டத்தில் எனக்கு எதிரே சுப்பையன்.

இளைத்திருந்தார். சட்டைக் காலர் நைந்திருந்தது. "நல்லா இருக்கீங்களா ஆசீர்வாதம்?"

"இருக்கேன் மொதலாளி."

"இப்ப என்னத்த மொதலாளி. மெஷினெல்லாம் பேங்குக்காரங்க ஏத்திட்டுப் போயிட்டாங்க. ஷெட்டு மட்டுந்தான் கெடக்குது. இந்த அஞ்சு மெஷின் வந்தா மறுபடி ஆரம்பிக்கலாம்னு வந்தேனுங்க."

இவருக்கு மட்டும் கைப்பிரதி வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் வீட்டில் பேர் கேட்பாள். எடுத்து நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார்.

"எல்லாப் பாவத்தையும்னு போட்டிருக்குதுங்களே. தெரிஞ்சே செஞ்சதயுங்களா?"

"தெரிஞ்சே செஞ்சதயும்."

"கவசத்தக் கழட்டுனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சுதான் கழட்டச் சொன்னேன். அதயும் உங்க சாமி மன்னிப்பாருங்களா?"

சீட்டை என் மூன்று விரலுக்குள் மறுபடி அடுக்கினேன். "மன்னிப்பாரு," என்றேன். சாமி சார்பில் சொல்வது சுலபம். அடுத்து, நீங்க மன்னிச்சுட்டீங்களா என்று கேட்டால் என்ன சொல்வது? அவர் குரலைக் கேட்டதும் இல்லாத விரல் இரண்டும் வலித்தன.

அவர் கேட்கவில்லை. கைப்பிரதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு ஆடுதன் ராணியைக் கீழே போட்டார். அதற்காகத்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எடுத்தேன். ஆட்டம் முடிந்தது.

எழுந்து வந்து என் இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நல்லா இருங்க." எனக்குக் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை.

பரிசு கொடுக்கிற நேரத்தில் பெண்கள் நுழையாத அந்த மன்றத்துக்குள் வெள்ளைச் சேலையில் ஜெபக்கனி வந்தாள். பின்னால் பாஸ்டர். யாரும் தடுக்கவில்லை. மைக்கை வாங்கினாள்.

"எங்க வீட்டுக்காரர் இங்க ஆட வரல. ஊழியத்துக்கு வந்தாவ. எது வந்தாலும் கர்த்தருக்கேன்னு சபைக்கு முன்னால சொல்லிட்டுத்தான் வந்தாவ. அதனால அஞ்சு மெஷினும் சபைக்கு. வேல போன பொம்பளையளுக்கு அத வச்சு ஒரு யூனிட் ஆரம்பிக்கோம்."

பாஸ்டர் அல்லேலூயா என்றார். என்னிடம் தோற்றவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். அப்புசாமி எழுந்து நின்றே தட்டினார். நானும் தட்டினேன். இரண்டு விரல் குறைந்த கையில் சத்தம் சரியாக வரவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "நான் சொன்னது பொய்யின்னு ஒனக்குத் தெரியுமா?"

"கர்த்தர் ஒங்ககூடப் பேசுனா, எந்திச்சு வேலயத் தேடுன்னுல்லா மொதல்ல சொல்லுவாரு."

"அப்ப ஏன் விட்ட?"

"மாசக்கணக்கா சொவத்தப் பாத்தே ஒக்காந்திருந்தீய. ஒருநா சாயங்காலம் வேலைக்குப் போயிட்டு வந்து கதவத் தொறக்க பயமா இருந்துச்சு எனக்கு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நாலு மனுசன்ட்ட பேசட்டும்னு விட்டேன். ஜெயிப்பீயன்னு நெனைக்கல. ஜெயிச்சா என்ன செய்யணும்னு மட்டும் யோசிச்சு வச்சிருந்தேன்."

சுப்பையன் ஷெட்டிலேயே யூனிட் ஆரம்பித்தது. அவர் வாடகை கேட்கவில்லை. பாஸ்டர் போய்க் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் ஜெபக்கனி. துணி வெட்டுவது சுப்பையன், இரவல் வாங்கி வந்த, கவசம் போட்ட மெஷினில். தைத்து விழுகிற பனியனில் நூல் பிசிறு வெட்டுவது நான். விரல் போன அதே இடத்துக்கு எதிரே எனக்கு ஸ்டூல் போட்டிருந்தாள்.

பல வாரம் அவர் முகத்தைப் பார்க்காமல் பிசிறு வெட்டினேன். அவர் டீ வாங்கி வந்து என் பக்கத்தில் வைப்பார். குடிப்பேன். பேசமாட்டேன். என் வலது கைக்கு எட்டுகிற பக்கமாகவே அவர் டம்ளரை வைப்பதை ஒரு நாள் கவனித்தேன். கடைசியில் ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு எழுந்து அவரிடம் போனேன்.

"மொதலாளி, ஒங்கள நான் மன்னிச்சுட்டேன்."

சுப்பையன் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அது அப்பவே தெரியுமுங்களே. கடைசி ஆட்டத்துக்கு மொத நாளே உங்க ஊட்டம்மா வந்து, நீங்க மன்னிச்சாச்சு, யாரு ஜெயிச்சாலும் மெஷினு இங்கதான் வரோணும்னு சொல்லித்தானுங்க ஷெட்டுச் சாவிய வாங்கிட்டுப் போனாங்க."