பட்டாசுப் பாதுகாப்பு அதிகாரி ஆர்மாஸ்

இந்த வருடக் கடைசி நாளில் தீக்குச்சியை யாரிடமும் கொடுப்பதில்லை என்று ஆர்மாஸ் சபதம் செய்தார். சபதம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நடந்தது. அந்த வீட்டில் அவர் பேசும்போது குறுக்கே பேசாத ஆள் கண்ணாடிக்குள்தான் இருந்தார்.

பின்லாந்தின் குவோப்பியோ நகரில் காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். அவர் கால் அழுத்தினால் ஒரு வண்டி ஜனமும் நகரும். பிரேக் போட்டால் அத்தனை தலையும் குனியும். போன வருட வசந்தத்தில் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு சோபாவில் அவருக்காக நாய்கூட நகரவில்லை. பனி தள்ளும் வேலையை மருமகன் டெப்போ ஒரு இயந்திரத்தோடு வந்து எடுத்துக்கொண்டான். விறகு வெட்டலாம் என்றால் சௌனா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்பை மின்சாரத்துக்கு மாற்றிவிட்டாள் மனைவி ரைலி. மிச்சம் இருந்தது புத்தாண்டுக்கு முந்தின மாலை முற்றத்தில் ராக்கெட் விடுவது ஒன்றுதான். போன வருடம் அதையும் டெப்போ செய்தான். ஆர்மாஸ் டார்ச் பிடித்தார். மகள் மிர்வா எடுத்த படத்தில் டார்ச் வெளிச்சம் விழுந்திருந்தது. பிடித்தவர் விழவில்லை.

அன்றிலிருந்து அவருக்குள் ஒரு புகைச்சல். நெருப்பில்லாமலே புகைந்துகொண்டிருந்தது.

இந்த முறை சண்டை போடாமல் சட்டம் போடுவது என்று முடிவெடுத்தார். காபி மேசையில் எல்லோரும் உட்கார்ந்ததும் பட்டாசுப் பெட்டியைத் தூக்கி வைத்து, பின்பக்கம் அச்சடித்திருந்ததை உரக்க வாசித்தார்.

"பாதுகாப்புக் கண்ணாடி போடாம யாரும் வெளியே வரக் கூடாது. திரியைக் கொளுத்திட்டு உடனே விலகிடணும். வெடிக்காததைக் கிட்டே போய் எட்டிப் பார்க்கக் கூடாது. குடிச்சவங்க கொளுத்தவே கூடாது. குடிச்சோமா இல்லியான்னு சந்தேகம் இருந்தாலும் கூடாது."

"அந்தக் கடைசி வரியும் பெட்டியிலே இருக்கா மாமா?" என்று கேட்டான் டெப்போ.

"அது நான் சேர்த்தது."

ரைலி உருளைக்கிழங்கு சாலட்டுக்கு வெள்ளரி ஊறுகாய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "நல்ல சட்டம். இந்த வருஷம் பாதுகாப்பு அதிகாரி நீதான் ஆர்மாஸ். நீ என்ன சொல்றியோ அதுதான்."

ஆர்மாஸுக்கு நெஞ்சு விரிந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து 'நீ என்ன சொல்றியோ அதுதான்' என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம் அதுதான். அவர் சந்தோஷப்பட்டார்.

சமையலறைக்குப் போய் அவள் காதில் திட்டத்தைச் சொன்னார். "சௌனாவிலே மாப்ளேக்கு பீர் ஊத்திக்கிட்டே இரு. எனக்கு மட்டும் ஆல்கஹால் இல்லாத பீரைக் குவளையிலே ஊத்திக் கொடு. பார்த்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்."

"எதுக்கு?"

"ஆறு மணிக்கு ராக்கெட் விடறப்போ அவன் குடிச்சவன். நான் குடிக்காதவன். கொளுத்தறது யாரு?"

"அடேயப்பா! உனக்கு இவ்வளவு மூளை இருக்கா?"

"நீதான் கவனிக்கிறதே இல்லே."

"தப்புதான். இனிமே கவனிக்கிறேன்" என்றாள் ரைலி.

சௌனாவில் சூடான கல்மேல் தண்ணீர் சீறியது. டெப்போ குடித்தான். ஆர்மாஸ் குவளையை வாங்கி வாங்கிக் கொடுத்தார். டெப்போ இன்னும் குடித்தான். உடைமாற்றும் அறைக் கதவு வழியாக ரைலியின் கை குவளைகளை நீட்டிக்கொண்டே இருந்தது. ஆர்மாஸ் தன் குவளையையும் காலி செய்தார். ருசியே இல்லை. வெற்றிக்கு ருசி எதற்கு என்று விழுங்கினார்.

"மாமா, இன்னிக்கு என்ன இவ்வளவு பாசம்?" டெப்போவின் நாக்கு குழறியது.

"பண்டிகை நாள். குடி மாப்ளே, குடி."

ஆறு மணிக்கு முற்றம் கும்மிருட்டாக இருந்தது. பனியில் ராக்கெட் விடும் குழாய்களை நேராக நட்டு வைத்திருந்தார் ஆர்மாஸ். எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். தெருவில் பாதிப் பேர் வேலிக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

டெப்போ ஒரு அடி முன்னால் வந்தான்.

"நில்லு!" என்றார் ஆர்மாஸ். "நீ குடிச்சிருக்கே."

"ஆமா மாமா. நீங்கதானே..."

"சட்டம் சட்டம்தான்."

டெப்போ தோளைக் குலுக்கிவிட்டு மிர்வா பக்கத்தில் போய் நின்றுகொண்டான். கொஞ்சமும் வருத்தப்படவில்லை. அதுவே ஆர்மாஸுக்கு ஏமாற்றம். இருந்தாலும் கையுறையைக் கழற்றினார். தீக்குச்சியை எடுத்தார்.

"ஆர்மாஸ்" என்றாள் ரைலி. எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "நீ குடிச்சது எந்தக் குவளை?"

"எந்தக் குவளைன்னா?"

"நீலமா, பச்சையா?"

ஆர்மாஸ் யோசித்தார். இருட்டு அறை, ஆவி, கதவு வழியாக நீண்ட கை. "நீலம்னு நினைக்கிறேன். இல்லே, ஒருதடவை பச்சையும் வந்துச்சு. ஏன்? எது எதுலே ஊத்தினே?"

"அதைத்தான் நான் யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன்." அவள் அவர் முகத்துக்கு அருகில் வந்து பார்த்தாள். "கண்ணு சிவந்திருக்கே. தலை கிலை சுத்துதா?"

அவள் கேட்டதுதான் தாமதம், முற்றம் லேசாகச் சுற்றியது. காது சூடானது. "கொஞ்சம் சுத்துது" என்றார்.

வேலிக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள்.

"அப்பா, சந்தேகம் இருந்தாலும் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மிர்வா.

"அந்த வரி மாமாவோடது" என்று எடுத்துக் கொடுத்தான் டெப்போ.

ரைலி கையை நீட்டினாள். பேருந்தில் சீட்டு வாங்காமல் பிடிபட்டவனைப் போல ஆர்மாஸ் தீப்பெட்டியை அதில் வைத்தார்.

"உள்ளே நாய் நடுங்கிக்கிட்டிருக்கும். நீ போய்ப் பக்கத்திலே இரு. கிறுகிறுப்போட பனியிலே நிக்காதே."

உள்ளே மேசைக்கு அடியில் ஹிப்பு ஒடுங்கிக் கிடந்தது. நாய் மிரளக் கூடாது என்று திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தார்கள். ஆர்மாஸ் தரையில் உட்கார்ந்து அதன் காதைப் பொத்தினார். வெளியே விர்ரென்று ஒரு சத்தம். திரைச்சீலை பச்சையானது. சிவப்பானது. பொன்னிறமானது. "அம்மா, பிரமாதம்!" என்று மிர்வா கத்தினாள். தெருவே கை தட்டியது. ராக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே சீராகப் போயின. ஒன்றுகூடப் புஸ்வாணம் ஆகவில்லை. ஒன்றாவது ஆகட்டும் என்று ஆர்மாஸ் மனதாரக் காத்திருந்தார். அப்படிக் காத்திருக்கிறோம் என்பது அவருக்கே கசந்தது. முற்றத்தில் அவர் இல்லாததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

சத்தம் ஓய்ந்தபின் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். கழுவுதொட்டி பக்கத்தில் காலி பாட்டில்கள் இரண்டு கூட்டமாக நின்றன, பீர் ஒரு பக்கம், ஆல்கஹால் இல்லாதது ஒரு பக்கம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணிப் பார்த்தார். டெப்போ குடித்ததற்கு அது சரி. அவர் குடித்ததற்கு இது சரி. இதில் ஆல்கஹால் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது.

ரைலி பனி உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். கன்னம் சிவந்து, வருடக்கணக்காக அவர் பார்க்காத ஒரு சிரிப்போடு வந்தாள்.

"நான் குடிக்கவே இல்லே!" என்றார் ஆர்மாஸ்.

"தெரியும்."

"பின்னே ஏன் பொய் சொன்னே?"

"எங்கே சொன்னேன்? எந்தக் குவளைன்னு கேட்டேன். தலை சுத்துதான்னு கேட்டேன். சுத்துதுன்னு சொன்னது நீ."

ஆர்மாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தீப்பெட்டியை நேரா கேட்டிருக்கலாமே?"

"கேட்டா கொடுத்திருப்பியா?" ரைலியின் குரல் இறங்கியது. "கோடையிலேருந்து உன் கை நடுங்குது. காபியைத் தட்டிலே கொட்டிட்டு யாரும் பார்க்கலேன்னு துடைக்கிறே. மாப்ளே முன்னாடி, தெருவே பார்க்க, கை நடுங்கறவன் கொளுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கணுமா? குடிச்சவன்னு சொன்னா சிரிச்சிட்டுப் போயிடுவாங்க."

அவர் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். கோபப்பட ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறாளா என்று தேடினார். அதையும் அவள் கழுவித் துடைத்து எடுத்து வைத்துவிட்டிருந்தாள்.

"அதிருக்கட்டும்" என்றார் கடைசியில். "அவ்வளவு நேரா எப்படி விட்டே?"

"நீ வாசிச்சதைக் கேட்டேன். நான் ஒருத்திதான் கேட்டேன்."

அப்போது மிர்வா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, ஹிப்பு ஒரு சத்தம்கூடப் போடலியே! உங்களைத் தவிர யாராலும் முடியாது. வெளியே எல்லார்கிட்டேயும் சொல்லிட்டேன். அடுத்த வருஷம் தெருவிலே இருக்கிற அத்தனை நாயையும் உங்ககிட்டே கொண்டுவந்து விட்டுடுவாங்க."