தாஸ் சாரை வெல்ல ஆளுண்டா?

பதினோராவது வாக்கியத்தில் பின்சிக்கு நாக்கு நின்றுபோனது. கிளப் செயலாளர் மோகனன் விசிலை ஊதினான். ஓணப் பந்தலின் மேடையில் ரெத்தினதாஸ் சார் தன் டையை மேலிருந்து கீழாக ஒருமுறை நீவிக்கொண்டார்.

"பாவம், நல்ல பிள்ளை. இன்னும் ஆறு மாசம் எனக்க கிளாஸில இருந்தா தேறும்" என்று மைக்கில் சொன்னார்.

போட்டியே அவர் மூளையில் உதித்ததுதான். கேரளத்துப் பாறசாலைக்குப் பக்கத்தில், களியக்காவிளை பஸ் திரும்பும் முக்கில், அவருடைய 'ரெத்தினதாஸ் இன்டர்நேஷனல் இங்கிலீஷ்' நடக்கிறது. எல்லை தாண்டி நாலு தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் வந்து படிப்பதால் அது இன்டர்நேஷனல். ஓணம் கழிந்த திங்கட்கிழமை புது பேட்ச். அதற்கு ஒரு விளம்பரம் வேண்டும். ஆகவே வடம்வலி என்கிற கயிறிழுப்புக்கும் உறியடிக்கும் நடுவில் கிளப்பிடம் அரைமணி நேரம் கேட்டு வாங்கியிருந்தார்.

விதி எளிது. இங்கிலீஷில் 'கெட்' என்று ஒரு வினைச்சொல்; இறந்தகாலத்தில் 'காட்'. பார்க்கச் சின்னது, செய்யும் வேலையோ ஆயிரம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி அதை ஒவ்வொரு விதமாகப் பயன்படுத்த வேண்டும். ஒருமுறை சொன்னதை மறுபடி சொல்லக்கூடாது. பத்து வினாடிக்குள் வாய் திறக்காதவர் அவுட்.

'தாஸ் சாரை வெல்ல ஆளுண்டா? வென்றால் முக்கில் நிற்கும் போர்டை அன்றே இறக்குவேன்!' என்று ஃபிளெக்ஸ் அடித்ததும் அவரே. போர்டு பன்னிரண்டடி. அதில் கோட்டு போட்ட தாஸ் சார். முதுகுக்குப் பின்னால் லண்டன் பாலம். பரிசாக வைத்த குக்கர்கூட அவர் வீட்டில் யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்துப் பிரிக்காமல் கிடந்ததுதான். ஜெயிக்கப்போவது தானே என்பதால், அதைத் திருப்பிக் கட்டிக்கொண்டு போக ஸ்கூட்டரில் கயிறும் கொண்டுவந்திருந்தார்.

எம்.பி.ஏ. படித்த வினீத் மூன்றாவதிலேயே கவிழ்ந்திருந்தான். இப்போது பின்சியும் போயாயிற்று.

"இனி ஆராவது உண்டா?" மோகனன் கேட்டான். "ஒரு வட்டம்... ரெண்டு வட்டம்..." என்று ஏலம் விடுவது போல் எண்ணினான்.

பந்தலுக்குப் பின்னால் பாயச உருளியைக் கிண்டிக்கொண்டிருந்த சத்தியபாய் முகத்தைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள்.

"மோகனா, அந்த குக்கர் மூணு லிட்டரா, அஞ்சா?"

"அஞ்சாக்கும் அக்கா."

"அப்ப எனக்க பேரையும் எழுது. கெட்டுன்னு வந்தா போதும் இல்லியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சத்தியபாய் முக்கில் கிழங்கும் மீன்கறியும் விற்கிறவள். வெளிநாட்டிலிருந்து திரும்பி நாலு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு ஒருவர் அப்படிப் போய்த் திரும்பிய ஊர் என்பதால் அதை யாரும் ஒரு சேதியாக நினைத்ததில்லை.

"வா, வா. ஜெயிக்கியதா முக்கியம்? பங்கெடுக்கணும், அதாக்கும் முக்கியம்" என்று தாஸ் சார் பெருந்தன்மையை மைக்கில் ஒழுகவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "ஐ காட் எ லெட்டர் ஃப்ரம் லண்டன்."

"கெட் அப்" என்றாள் மேடையேறி வந்த சத்தியபாய்.

"ஷி காட் மேரீட் லாஸ்ட் இயர்."

"கெட் தி ஃபோன்."

"ஐ காட் எ பேட் கோல்டு."

"கெட் அவுட்."

முன்வரிசையில் சிரிப்பு அடங்கியது. பதினோராவது சுற்று கடந்தபோது உறியடிக்காகக் கம்போடு நின்றவர்கள் கம்பைப் போட்டுவிட்டு மேடைக்கு ஓடிவந்தார்கள். தாஸ் சார் தன் இடது உள்ளங்கையைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டார். அங்கே எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஐம்பது வாக்கியங்கள் எழுதிய காகிதம் ஒன்று மடிந்து கிடந்தது.

"ஐ காட் டூ டேய்ஸ் லீவ்" என்றார்.

சத்தியபாய் முதல்முறையாகத் தயங்கினாள். "இப்பிடியும் ஒண்ணு உண்டா?"

"உண்டு அக்கா. ரெண்டு நாள் லீவு கிடைச்சுதுன்னு அர்த்தம்" என்று பின்சி கீழேயிருந்து கத்தினாள்.

"நான் கேட்டதே இல்ல மக்கா" என்றவள், விசில் மோகனன் உதட்டைத் தொடும்போது, "கெட் பேக் டு வொர்க்!" என்று போட்டாள்.

"அடிபொளி!" பந்தல் அதிர்ந்தது.

தாஸ் சார் டையைத் தளர்த்திக்கொண்டார். நிதானமாக யோசிக்க இடம் கொடுப்பதால்தான் இவள் பிழைக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. "பத்து வினாடி எதுக்கு? மணி போயிட்டிருக்கு. மூணு வினாடி போதும்" என்று விதியை மாற்றினார்.

அது யாருக்கு ஆபத்து என்று அடுத்த நிமிடமே தெரிந்தது. சத்தியபாய்க்கு மூன்று வினாடியே அதிகம். அவர் வாய் மூடுவதற்குள் அவள் வாயிலிருந்து பதில் தெறித்தது; முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று விரட்டுவது போல. தாஸ் சார்தான் காகிதத்தில் வரியைத் தேடித் தடுமாறினார். இரண்டு தடவை விசில் ஊதும் விளிம்பில் தப்பினார்.

விமலகுமாரி மேடை ஓரத்துக்கு வந்து கணவரின் பேன்ட் நுனியைப் பிடித்து இழுத்தாள். "இஞ்ச பாருங்க, போதும். சமம்னு சொல்லி குக்கரைக் குடுத்துட்டு இறங்குங்க. திங்கக்கிழமை முப்பது பிள்ளைங்க வருது. போர்டு போச்சுன்னா ஒருத்தன் வருவானா?"

"விடு விமலா. இங்கிலீஷு எனக்க ரத்தத்துல உள்ளதாக்கும்" என்று பல்லிடுக்கில் சொல்லிவிட்டு மைக்கைப் பிடித்தார். "இனி சொன்னா மட்டும் போராது. அர்த்தமும் சொல்லணும்!"

"கெட் தி டோர்" என்றாள் சத்தியபாய்.

தாஸ் சார் துள்ளிக் குதித்தார். "தப்பு! கெட்டுன்னா அடைதல், பெறுதல். கதவை எப்பிடிப் பெறுவா? பிரசவமா?"

கூட்டம் சிரித்தது. சத்தியபாய் சிரிக்கவில்லை. "பெல்லடிச்சா ஓடிப்போய்க் கதவைத் திறக்கணும் சாரே. அதாக்கும் அர்த்தம்."

பின்சி ஃபோனில் தேடினாள். "சாரே, அக்கா சொன்னதுதான் சரி! இஞ்ச போட்டிருக்கு!"

அதற்குள் நெய்யாற்றின்கரைக்குப் போகிற பஸ் முக்கில் நின்றுவிட்டது. ஜன்னல் முழுக்கத் தலைகள். டிரைவர் எட்டிப் பார்த்து, "ஆரா ஜெயிக்குந்நே?" என்று கேட்டார். "பாயசம் வைக்கிய அக்கா!" என்று நாலு பேர் ஒன்றாகக் கூவினார்கள். அவர் எஞ்சினை அணைத்துவிட்டார்.

தாஸ் சார் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "அர்த்தம் ஆரும் சொல்லலாம். நடிச்சுக் காட்டணும்! அப்பத்தான் உள்ளே இருக்கியது வெளியே வரும்."

"அப்பிடியா?" சத்தியபாய் சுற்றுமுற்றும் பார்த்தாள். "கெட் ரிட் ஆஃப் இட்" என்று சொல்லிக்கொண்டே தாஸ் சாரின் கையிலிருந்த காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். கசக்கினாள். மேடைக்குப் பின்னால் பாயச அடுப்பில் எறிந்தாள். "வேண்டாததை ஒழிச்சுக் களையணும். சரியா சாரே?"

சரிதான். அதை மறுக்க வேண்டுமென்றால் அது என்ன காகிதம் என்று சொல்ல வேண்டும். ஐம்பது வாக்கியங்களும் அடுப்பில் புகைந்து போவதை அவர் கண்கொட்டாமல் பார்த்தார்.

அதன் பிறகு நினைவிலிருந்ததைச் சுரண்டிச் சுரண்டி இன்னும் ஏழெட்டு சுற்று ஓட்டினார். அவர் ஒவ்வொன்றையும் தேடி எடுத்தார். அவளோ தண்ணீர் எடுத்தாள், குப்பையைத் தூக்கினாள், இல்லாத குழந்தைக்குச் சட்டை மாட்டினாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட். நாற்பத்தொன்றாவது முறை, "கெட் யூஸ்ட் டு இட்" என்றாள். கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து சும்மா நின்றாள். "பழகிக்கணும்."

தாஸ் சார் வாயைத் திறந்தார். காற்று வந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. விசில்.

பந்தலைத் தூக்கிக்கொண்டு போய்விடும் போல் ஆரவாரம். செண்டை முழங்கியது. பஸ்காரர் ஹார்னை அழுத்திப் பிடித்தார். குக்கர் சத்தியபாயின் கைக்குப் போனது. வினீத் எங்கிருந்தோ ஏணியைத் தூக்கிக்கொண்டு போர்டை நோக்கி ஓடினான். அவனுக்கு மூன்றாவதிலேயே விழுந்த கோபம்.

"நில்லுங்க!" தாஸ் சார் மைக்கைக் கடித்துத் தின்பது போல் அலறினார். "எலே வினீத்தே, ஏணியில கால் வைக்காத! இது மனப்பாடமாக்கும். இவளுக்கு இங்கிலீஷு தெரியும்னா, இதையெல்லாம் எங்க படிச்சான்னு இங்கிலீஷ்லயே சொல்லட்டும். ஒரே ஒரு வாக்கியம். சொல்லிட்டா ஏணியை நானே பிடிக்கேன்!"

செண்டை நின்றது. எல்லோரும் சத்தியபாயைப் பார்த்தார்கள்.

"எனக்கு இங்கிலீஷு பேசத் தெரியாதே சாரே" என்றாள் அவள்.

தாஸ் சாருக்குப் போன உயிர் திரும்பிவந்தது. டையை நேராக்கினார். "கேட்டியளா? அவ வாயாலயே சொல்லிட்டா! தெரியாதாம்! போட்டி செல்லாது!"

வினீத் ஏணியின் மூன்றாம் படியில் நின்றான். மோகனன் தலையைச் சொறிந்தபடி சத்தியபாயிடம் மைக்கை நீட்டினான். "பின்ன இந்த நாப்பத்தொண்ணையும் எந்த கிளாஸில படிச்சிய அக்கா?"

சத்தியபாய் குக்கரை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"கிளாஸா? துபாய்ல மூணு வீட்டுல பதினாறு வருசம் வேலைக்கு நின்னேன் மக்கா. அவங்க என்கிட்ட பேசின மொத்த இங்கிலீஷும் இவ்வளவுதான்."