எட்டை மூன்றாக்கியவர்

மகளைத் தூளியிலேயே இன்ஜினியராக்கிவிடுவது என்று சில்வஸ்டர் சபதம் எடுத்தார். கெஸியா தூளியை விட்டு இறங்கி வெகுநாள் ஆகிவிட்டதால் சபதம் சற்றுத் தாமதம். போன ஞாயிறுதான் அவளுக்கு மூன்று முடிந்திருந்தது.

அரவேணு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட் எலெக்ட்ரீஷியன் அவர். பள்ளிக்கூடத்தில் படித்த வேலையில்லை. ஷாக் அடித்து அடித்துக் கற்றது. ஊர் தூங்கும்போது விழித்திருந்து, மகள் விளையாடும்போது குறட்டை விடுகிற பிழைப்பு. மிஞ்சுவது சாயங்காலம் ஒன்றுதான். அந்தச் சாயங்காலத்தில் அப்பனும் மகளுமாக ஒரு பல்பை எரியவிட வேண்டும். வேறெந்தப் பெரிய ஆசையும் அவருக்கு இருந்ததில்லை.

கூரியரில் ஒரு பெட்டி வரவழைத்தார். குட்டி மோட்டார், குட்டி பல்புகள், ஒயர், காசு மாதிரி பளபளக்கும் பட்டன் பேட்டரி. ஒரே குறை, பெட்டியின் மேல் 8 என்று போட்டு ஒரு கூட்டல் குறி. எட்டு வயதுக்கு மேலாம்!

கூட்டலை விட்டுவிட்டுக் கழித்தலில் இறங்கினார். பிளேடால் எட்டின் இடது பக்கத்தைச் சுரண்ட, எட்டு மூன்றாயிற்று. ஐந்து வருடத்தை ஒரே சுரண்டலில் கடந்த மனிதர் நீலகிரியிலேயே அவர்தான்.

மனைவி தபித்தாள் பெட்டியை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினாள். கெஸியா மூக்கில் போட்டுக்கொண்ட பட்டாணிக்காகப் போன மாதம் ஆஸ்பத்திரிக்கு ஓடியவள். சண்டை நிச்சயம் என்று சில்வஸ்டர் பதில்களோடு தயாராக நின்றார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க" என்றாள்.

வருகிற சண்டையைச் சமாளிக்கலாம். வராத சண்டையை என்ன செய்வது?

"குளுருது, ஸ்வெட்டரைப் போட்டுட்டு வாங்க. ஒரு டெஸ்ட் பண்ணிப் பாத்தரலாம். நீங்கதான் கெஸியா. அவ பண்றதையெல்லாம் நீங்க பண்ணோணும். தாங்குச்சுன்னா புள்ளைகிட்டக் குடுப்போம்."

எலெக்ட்ரீஷியனுக்கே டெஸ்டா! ஸ்வெட்டரோடு வந்து தரையில் சப்பணமிட்டார். சாமான்கள் முன்னால் குவிந்து கிடந்தன.

"வாயில போடுங்க."

"எதை?"

"அவ என்ன பார்த்துப் பார்த்தா போடறா?"

மோட்டாரை நக்கினார். கிரீஸ் ருசித்தது. ஒயரைக் கடிக்கச் சொன்னாள். கடித்தார்.

"இப்பத் தூக்கி எறிங்க."

"தபித்தா, ஒடைஞ்சுருமே!"

"கெஸியா இப்படியெல்லாம் பேச மாட்டாளுங்க."

எறிந்தார். கட்டிலடி, பீரோவடி, அரிசி டப்பா சந்து என்று திசைக்கொன்றாக ஓடின. கெஸியாவும் குதித்து வந்து பொறுக்கினாள். எல்லாவற்றையும் பெட்டியில் சேர்த்துப் பார்த்தால் பட்டன் பேட்டரியைக் காணோம்.

மகளைப் பார்த்தார். கன்னம் உப்பியிருந்தது. வாய் இறுக மூடியிருந்தது.

"கண்ணு, வாயைத் தொற."

மாட்டேன் என்று தலையாட்டினாள். விரலை விட்டார். கடித்தாள்.

"தபித்தா! முழுங்குனா உள்ள பொசுக்கிருமே!" என்று அலறியவர், பக்கத்து வீட்டு ஜீப் டிரைவருக்கு ஜன்னல் வழியே குரல் கொடுத்தார். "ரவிக்குமாரு, ஜீப்பை எடப்பா!" ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் தபித்தாளின் செருப்பு.

"நில்லுங்க" என்று தபித்தாள் கையை விரித்தாள். உள்ளங்கையில் பட்டன் பேட்டரி. "நீங்க ஸ்வெட்டர் போடப் போனப்பவே எடுத்துட்டேன்."

"அப்ப இவ வாயில?"

"வர்க்கி."

கெஸியா வாயைப் பிளந்து காட்டினாள். டீயில் தொட்டுத் தின்னும் வர்க்கி பிஸ்கட்டேதான், ஊறிப்போய்.

சில்வஸ்டர் தரையில் சரிந்தார். "ஏம்புள்ள இப்படிப் பண்ணுன?"

"ஒரு நிமிசம் பயந்தீங்கல்ல? நீங்க தூங்கற பகலெல்லாம் நான் இப்படியே பயந்துட்டு இருக்கவா?"

ஃபேக்டரியில் எத்தனையோ ஃபியூஸ் பிடுங்கியவர் அவர். ஆபத்து வருமுன்னே சத்தமில்லாமல் ஃபியூஸைப் பிடுங்கும் ஆளை இன்றுதான் பார்க்கிறார், அதுவும் தன் வீட்டிலேயே.

அவள் கட்டிலடியிலிருந்து ஒரு பலகையை இழுத்தாள். அவர் பெட்டிக்கு ஆர்டர் போட்ட அன்றே ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. அவர் கழற்றிப் போட்ட பழைய ஸ்விட்ச்சுகள், ஒரு தாழ்ப்பாள், குழந்தையின் முஷ்டியைவிடப் பெரிய விளக்கு, எல்லாம் இறுக்கித் திருகாணி அடித்திருந்தது. கெஸியா தொங்கிப் பார்த்தும் ஒன்றும் அசையவில்லை.

"பெரிய டார்ச் பேட்டரிதானுங்க, அதுக்கும் திருகாணி மூடி. பின்னால ஒயர் குடுக்கறதை மட்டும் உங்களுக்குன்னு விட்டு வெச்சேன். முன்னால தட்டற வேலை அவளுது."

ஒயர் கொடுத்து, மூடியை முறுக்கி, மடியில் மகளை வைத்துக்கொண்டார். கெஸியா தட்டினாள். எரிந்தது. சூரியனையே அப்பாதான் மாட்டிவைத்தார் என்பதுபோல் அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னொருக்கா!"

அந்தப் பெருமையில் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

"ஏம்புள்ள, அந்தப் பெட்டியை நான் ஃபேக்டரிக்காவது கொண்டுபோயி..."

தபித்தாள் பெட்டியைக் கவிழ்த்தாள். அடிப்பக்கத்தில், பிளேடு படாத இன்னோர் எட்டு கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது.

"இது பரணுக்குப் போகுதுங்க."

"எனக்குக்கூடவா?"

"எட்டைச் சுரண்டுனது நீங்கதானுங்களே. இனி உங்களுக்கும் எட்டாது."