எட்டு மணங்கு வாத்தியாரும் மூன்று கமர்கட்டும்

கடப்பாக்கம்,
11-9-1955, ஞாயிறு, ஆராதனை முடிந்து.

தங்கவயலில் இருக்கும் என் மதிப்புக்குரிய மூத்த சகோதரர் தாவீது அவர்களின் சமூகத்துக்கு, தம்பி ஏசுபாதம் தோத்திரம் கூறி எழுதும் கடிதம். கர்த்தருடைய கிருபையால் இவ்விடம் நானும் சந்திரம்மாவும் சுகம், அவ்விடம் தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம் என்று இருபது வருஷமாக எழுதி வருகிறேன். இந்தத் தடவை முதல் பாதியை அடித்துவிட்டுப் படியுங்கள். நான் சுகமாக இல்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். வீடு திரும்புவேனா, அங்கேயே படுக்கப் போட்டுவிடுவார்களா என்று தெரியாததால், உங்களிடம் மறைத்த சங்கதிகளையெல்லாம் இன்றைக்கே எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

ஜூன் மாதம் பிடரியில் ஒரு கட்டி வந்தது, களிம்பு தடவினேன், போய்விட்டது என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதில் கட்டி வந்தது மட்டும்தான் நிஜம். அது ராஜபிளவை. செங்கல்பட்டில் கத்தி வைத்துக் கீறி, பதினெட்டு நாள் குப்புறப் படுக்க வைத்தார்கள். கீறிய புண் மூடவே இல்லை. ஏன் மூடவில்லை என்று டாக்டர் என் மூத்திரத்தை ஒரு நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காய்ச்சினார். நீலம் போய், பச்சை போய், மஞ்சள் போய், நல்ல சூளைச் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. "வாத்தியாரே, உங்களுக்குச் சர்க்கரை வியாதி முத்திப் போயிருக்கு" என்றார். "ஊசி இப்ப வேணாம். வாயைக் கட்டுங்க, தினம் நடங்க, உடம்புல ஒரு மணங்கு இறக்குங்க. செங்கல் பச்சையாகணும். செப்டம்பர் பன்னெண்டாம் தேதி வாங்க. அதுக்குள்ள புண் மூடலைன்னா அது முதுகுக்கு இறங்கிடும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை." அந்தப் பன்னிரண்டாம் தேதிதான் அண்ணே நாளைக்கு.

அப்போது என் எடை எட்டு மணங்கு, அதாவது இருநூறு ராத்தல். இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது என் வயிற்றைத் தட்டி, "நம்ம வம்சத்துல தொப்பை வச்ச மொத ஆளு நீதான்டா" என்று தெருவே கேட்கச் சொன்னீர்கள். நம் அப்பா அறுப்புக்குப் போய் வந்து, வயிற்றில் ஈரத் துணி கட்டிப் படுத்ததைப் பார்த்தவர்கள் நாம். அதனால் எனக்கும் அந்தத் தொப்பை ஒரு பட்டம் மாதிரிதான் இருந்தது. அதை இறக்கு என்றால் யாரிடம் சொல்லி அழ?

சந்திரம்மாவிடம் சொல்ல முடியாது. அவள் ஆஸ்பத்திரி வாசலிலேயே மாறிவிட்டாள். சோறு கிடையாது, கேழ்வரகுக் கூழ், கீரை, மோர், மறுபடி கீரை. வெல்லப் பானை எதிர் வீட்டுக்குக் குடிபோனது. சமையல் அறைக்குப் பூட்டு. அதோடு விட்டாளா? ஞாயிறு ஆராதனையில் விண்ணப்பச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். போதகர் ஐயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "நம் சகோதரர் தலைமை ஆசிரியர் ஏசுபாதம் அவர்களின் வாயைக் கர்த்தர் கட்டும்படியாக ஜெபிப்போம்" என்று வாசித்தார். சபை முழுக்கத் தலை குனிந்தது. என்னிடம் பாடம் படித்தவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். தெருவோ வேறு மாதிரி நினைத்தது. வாத்தியார் வீட்டில் சோறு போடாமல் கொல்லுகிறார்கள் என்று பரிதாபப்பட்டு, தெருப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கே சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மறுக்க மனம் வரவில்லை. ஒரு வாரம் வீட்டில் கூழ், பள்ளிக்கூடத்தில் சோறு. எடை இரண்டு ராத்தல் ஏறியது.

பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் சம்பூர்ணம்தான் மாதம் இரண்டு முறை எனக்குக் குழாய் காய்ச்சிப் பார்ப்பாள். "மிஸ்டர் ஏசுபாதம், செங்கலை விடக் கறுப்பா ஒரு நிறம் இருந்தா உங்களுக்கு அதுதான் வந்திருக்கும்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "தனியா உங்களால ஆகாது. எனக்கு மூட்டுவலி, நானும் நடக்கணும். மல்லாட்டை மண்டி மொதலாளி சடையப்பனுக்கும் சர்க்கரை, தினம் காலையில நான்தான் ஊசி போடறேன். மூணு பேரும் ஆலம்பரைக் கோட்டை வரைக்கும் நடக்கலாம்" என்றாள். சடையப்பன் குடும்பத்துக் களத்துமேட்டில் நம் அப்பா கூலிக்குத் துண்டை விரித்து நின்றதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்த வீட்டு மனிதரோடு நான் நடப்பதா என்று யோசித்தேன். அவரும் யோசித்திருப்பார். முதல் வாரம் பத்தடி முன்னால் நடந்தார். என்னிடம் நேரே பேச மாட்டார். "நர்ஸம்மா, வாத்தியாருக்கு நேத்து இன்னா கலரு?" என்பார். நான் பின்னாலிருந்து, "செங்கல்னு சொல்லுங்க சிஸ்டர்" என்பேன். இரண்டு பேர் காதும் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு சம்பூர்ணம் தந்தி அடித்துக்கொண்டே வந்தாள்.

எடை பார்ப்பது சனிக்கிழமைகளில், அவர் மண்டித் தராசில். வேர்க்கடலை மூட்டை நிறுக்கும் பெரிய தராசு. ஆகஸ்டு முதல் சனிக்கிழமை போனால் எடைக்கல் ஒன்றுகூட இல்லை, முத்திரை போட அனுப்பியிருந்தார்கள். தராசுக்காரன் கண்ணாயிரம், "கல்லு இல்லாட்டி இன்னா? மொதலாளி ஒரு தட்டுல குந்துங்க, வாத்தியாரு ஒரு தட்டுல குந்தட்டும். யாரு மேல போறாங்கன்னு பாத்துடலாம்" என்றான். சம்பூர்ணம் சிரித்துவிட்டதால் மறுக்க முடியாமல் இருவரும் உட்கார்ந்தோம். தட்டு ஆடியது, ஆடி நின்றது. முள் நேரே நின்றது அண்ணே. "ரெண்டு பேரும் சரிசமம்!" என்று கண்ணாயிரம் கத்திவிட்டு, கத்திய பிறகுதான் சொன்னது என்ன என்று புரிந்து வாயைப் பொத்திக்கொண்டான். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. சடையப்பன் முள்ளையே பார்த்தார். பிறகு, "அடேய், நான் இந்த ஆளவிட அரை மணங்கு ஜாஸ்தி கீந்தேன்டா. அப்ப நான் எறங்கிக்கினு கீறேன்!" என்று தொடையைத் தட்டினார். அப்புறம் முதல் தடவையாக என்னை நேரே பார்த்து, "வாத்தியாரே, ஏழு மணங்குக்கு யாரு மொதல்ல போறாங்கன்னு பாத்துக்கலாமா?" என்றார். சரி என்று சொன்னேன். அங்கேதான் விபரீதம் ஆரம்பித்தது.

ஆகஸ்டு இருபத்தாறு, வெள்ளிக்கிழமை. மறுநாள் எடை. கோட்டைக்குப் போகும்போதே சடையப்பன் பின்தங்கி நடந்தார். இடிந்த சுவர் ஓரம் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காலைக் காற்றில் நாங்கள் துண்டைப் போர்த்தியிருந்தோம், அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கடலைப் பார்த்து, "கண்ணாயிரம், மூட்டய எறக்குடா" என்றார். நான் சிரித்துவிட்டேன். சம்பூர்ணம் சிரிக்கவில்லை. ஓடிப்போய் அவர் நாடியைப் பிடித்தாள்.

"ராத்திரி சாப்பிட்டீங்களா?"

"வாத்தியாருக்கு முன்னாடி... ஏழு..." என்று இழுத்தார்.

"ஐயோ, பட்டினியாவா என்கிட்ட ஊசி போட்டுக்கினீங்க?" என்று அவர் கன்னத்தில் தட்டினாள். கண் செருகியது. என் பக்கம் திரும்பினாள். "ரத்தத்துல சர்க்கரையே இல்லாமப் போச்சு. எதனா இனிப்பு வேணும், இப்பவே வேணும். நெனவு போச்சுன்னா ஆளே போயிடுவாரு. ஓடுங்க!"

கிட்டத்துக் குடிசைக்கு அரை மைல் மணல். நான் ஓடவில்லை. ஏனென்றால் என் இடுப்பு மடிப்பில் மூன்று கமர்கட் இருந்தது.

ஒன்றரை மாதமாக இந்தப் பழக்கம் இருந்தது அண்ணே. நடந்து திரும்பும்போது ஒதுங்குகிற சாக்கில் சவுக்குத் தோப்புக்குள் போய் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வேன். சந்திரம்மாவுக்குத் தெரியாது, சம்பூர்ணத்துக்குத் தெரியாது. எடுத்தால் மானம் போகும். எடுக்காவிட்டால் அந்த மனிதர் உயிர் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நான் யோசித்தேன். பத்து எண்ணுகிற நேரம் கையை மடிப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பத்தையும் உங்களிடம் சொல்லாமல் நாளைக்குக் கத்திக்குக் கழுத்தைக் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

எடுத்துக் கொடுத்தேன். சம்பூர்ணம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். செங்கல் துண்டால் நசுக்கித் தூளாக்கினாள். நான் அவர் தலையை மடியில் தூக்கி வைத்து, வாயை விலக்கி, தூளை விரலால் கன்னத்துக்குள் தேய்த்தேன். விரலைக் கடித்தார், இன்னும் தழும்பு இருக்கிறது. கால் மணி நேரம் நாங்கள் இருவரும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தோம். எனக்குத் தெரிந்த வேதத்துச் சங்கீதம் எல்லாம் மறந்துவிட்டது. கடைசியில் கண்ணைத் திறந்து, நாக்கைச் சுழற்றி, "இன்னாய்யா, வாயில இன்னாமோ இனிக்குது?" என்றார்.

சங்கதி வீட்டுக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. சந்திரம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்தாள். "இன்னும் நான் இன்னா பண்ணணும், சொல்லுங்க. பூட்டு போட்டேன், ஜெபத்துல வச்சேன், தெனம் அந்தப் புண்ணைக் கழுவி உட்றேன். இன்னும் இன்னா பண்ணா நீங்க உசுரோட கீவீங்க?" என்றாள். ஞாயிறு ஆராதனைக்குக்கூட நான் வெளியே போகவில்லை.

திங்கட்கிழமை விடியும்போது தெருவில் ஒரு குரல். "வாத்தியாரே! வூட்ல கீறியா? இன்னா, நடக்க வரலையா?" சடையப்பன், நம் தெருவில், நம் வீட்டு வாசலில். அவர் வீட்டு ஆண்கள் நம் தெருவுக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. நான் வெளியே வந்தேன். "நீ ஒளிச்சு வச்சது தப்பு. நான் பட்டினி கெடந்தது தப்பு. கெளம்பு. மடிய உதறிக் காட்டிட்டு கெளம்பு" என்றார். தெருவே பார்க்க வேட்டி மடிப்பை உதறிக் காட்டினேன். அவர் சந்திரம்மாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கி, சொம்பைத் தூக்கிக் குடித்துவிட்டு நடந்தார். அன்றிலிருந்து மூவரும் ஒரே வரிசையில் நடக்கிறோம். தெருப் பெண்களும் குழம்பு கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். "காட்டு வாத்தியாரே, மடிய" என்று கேட்டுச் சிரிப்பதோடு சரி.

ஆனால் நாள் போதவில்லை அண்ணே. நேற்று எடை ஏழு மணங்கு மூன்று ராத்தல். மூன்று ராத்தல் அதிகம். குழாயில் மஞ்சள் வந்தது, பச்சை வரவில்லை. புண் எப்படி இருக்கிறது என்று என் கண்ணால் பார்க்க முடியாது, பிடரியில் இருக்கிறது. தினம் கேட்கிறேன், "மூடிச்சா?" என்று. "பேசாம குனிங்க" என்கிறாள் சந்திரம்மா. இன்றைக்கும் அதுதான். இவளுக்கு இரக்கம் என்பதே கிடையாது. மூன்று மாதத்தில் ஒரு நாள் 'பாவம்' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கல் நெஞ்சு. ஆகையால் இந்தக் கடிதம் கண்டவுடன் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டு வாருங்கள். நான் பிழைத்தால் இவளிடமிருந்து என்னைக் காப்பாற்றுங்கள். பிழைக்காவிட்டால் அவளைத் தனியாக விடாதீர்கள்.

அண்ணிக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தம். தங்களைச் சுரங்கத்தின் இருட்டிலும் வெளிச்சத்திலும் கர்த்தர் காக்கக் கடவர்.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
ஏ. ஏசுபாதம்

பி.கு. 13-9-1955, செவ்வாய். நேற்றைய அவசரத்தில் இதைத் தபாலில் போடவில்லை. புண் மூடிவிட்டது அண்ணே. டாக்டர் அமுக்கி அமுக்கிப் பார்த்தார், வலிக்கவில்லை. குழாயில் பச்சை. மூன்று ராத்தலைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. நான் அழுதுகொண்டிருந்தபோது, அவர் சந்திரம்மாவைப் பார்த்து, "ஏம்மா, நீங்க ஏன் இப்படி எளச்சுப் போயிருக்கீங்க?" என்று கேட்டார். "அவருக்குத் துணையா நானும் கூழுதான் குடிக்கிறேன்" என்றாள். எனக்கு அது தெரியாது. அவர் விடவில்லை, அவளுக்கும் குழாய் வைத்தார். செங்கல்.

திரும்பும் பஸ் கருங்குழியைத் தாண்டியது. அதற்கப்புறம், "எனக்கு பயமா கீதுங்க" என்றாள். அவ்வளவுதான். அவளைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். கல் நெஞ்சு என்ற வார்த்தையை இரண்டு தடவை அடிக்கவும். எனக்காக லீவு போட வேண்டாம். முடிந்தால் அவளுக்காக வாருங்கள், வெறுங்கையோடு வாருங்கள்.

இன்று காலை ஐந்து மணிக்கு வாசலில் நின்று, "சந்திரம்மா, கெளம்பு" என்று நான் கூப்பிட்டேன். "வரேன், கத்தாதீங்க" என்றாள். கோட்டை வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். தெரு முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும்.