புதன்கிழமை வரவேண்டிய மறதி

வருகிற புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு எனக்கு ஞாபகமறதி வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். நாளும் நேரமும் இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்தது.

காரணம் என் மனைவியின் இடுப்பு. ஒரு மாதமாகத் தடியை ஊன்றித்தான் நடக்கிறாள். குனிந்தால் நிமிர அரை நாள் ஆகிறது. வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாமென்றால், அந்தச் சம்பளம் கொடுக்க நாங்கள் இருவரும் சாப்பிடுவதை நிறுத்த வேண்டும். வயதான காலத்துக்கென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருபது வருஷம் பணம் கட்டிய பாலிசி ஒன்று உண்டு. குடும்பத் தலைவன் என்ற மிதப்பில் அதை என் பேரில் மட்டும் எடுத்துவைத்திருந்தேன். அவள் முடங்கினால் காலணா வராது. என் மூளை குழம்பினால் ஆள் வைக்க மாதாமாதம் பணம் வரும். அந்தக் காகிதம் எப்படியோ சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது. படித்ததுமே எனக்குப் பொறி தட்டியது.

"எனக்கு மறதின்னு சொல்லிடுவோம். வர்ற ஆள் உன்னைப் பார்த்துக்கட்டும்."

"மாட்டிக்கிட்டா மானம் போயிடும்ங்க."

"என் நடிப்பு உனக்குத் தெரியாது."

அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, கம்பெனிக்குப் போன் செய்தாள்.

சோதிக்க ஒரு நர்ஸ் வந்தார். பத்துக் கேள்விகள். எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னால் சந்தேகம் வரும், நாலில் கோட்டைவிட்டால் போதும் என்று முன்பே தீர்மானித்திருந்தேன். புதன்கிழமையை ஞாயிறாக்கினேன். மனைவியைக் காட்டி யார் என்றபோது, அக்கா என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று நினைத்தேன். கடைசியில் கடிகாரம் ஒன்று வரைந்து, பதினொன்று பத்து காட்டச் சொன்னார். அதில் மட்டும் நடிக்க மனம் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் கடிகாரம் பழுது பார்த்தவன். தொழில் மானம் என்று ஒன்று இருக்கிறதே. ஒழுங்காக வரைந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். நர்ஸ் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

அடுத்த வாரம் பணம் தர ஒப்புக்கொண்டு கடிதம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தில் எட்டு தப்பு என்று போட்டிருந்தது.

"நாலுதான தப்பாச் சொன்னேன். அந்தம்மாவுக்கு எண்ணத் தெரியலை," என்று சிரித்தேன்.

மனைவி சிரிக்கவில்லை. கடிதத்தோடு வந்த இன்னொரு தாளை என் முன்னால் வைத்தாள். என் கடிகாரம். எண்களெல்லாம் வலது ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. ஏழு இரண்டு தடவை இருந்தது. முள் ஒன்றுகூட இல்லை. கை என்னவோ என்னுடையதுதான். பயந்துவிட்டேன், மறைப்பானேன்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஒரு வருஷமா. டாக்டர்கிட்ட போகலாம்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பீங்க. ஊரை ஏமாத்தலாம்னா முதல் ஆளாக் கிளம்புவீங்க. அதான் அந்தக் காகிதத்தை மேஜைல வச்சேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தடி மூலையில் சாய்ந்திருந்தது. அவள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு விறுவிறுவென்று நடந்தாள்.

"உன் இடுப்பு?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஒண்ணுமில்லைங்க. நடிச்சேன்னு காலைலேர்ந்து மூணு தடவை சொல்லிட்டேன்."