சிவப்புக் காரும் ரெண்டு பொட்டணமும்

பழைய கார் வாங்கி ஏமாந்தவன் என்ற பேர் எனக்கு மட்டும் வரக்கூடாது. அப்படி ஒரு சபதம். மூன்று மாதம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம். காரின் உடம்பில் வைத்தால் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அடிபட்டுப் பட்டி பார்த்த வண்டி. எவன் என்னை ஏமாற்ற முடியும்?

ராசிபுரம் ரோட்டில் புரோக்கர் சின்னுசாமியின் ஷெட்டில் அந்தச் சிவப்புக் கார் நின்றது. கூரையில் ஜன்னல்! காந்தம் பச்சக்கென்று ஒட்டியது. மனசும்தான்.

"டாக்டர் ஓட்டுன வண்டிங்க," என்றார் சின்னுசாமி.

என் மனைவி பிரவீனா ஏசியைப் போடச் சொன்னாள். குளிர்காற்றோடு ஒரு வெள்ளை இறகு பறந்து வந்து என் மீசையில் உட்கார்ந்தது.

"என்ன டாக்டருங்கண்ணா?"

"கோழி டாக்டருங்க."

"கோழிகளும் இதுலயே வருமுங்களா?"

"நம்ம நாமக்கல்லுல கோழி ஏறாத வண்டி ஏதுங்க தங்கச்சி?"

அவள் மூலையில் நின்ற சின்ன வெள்ளைக் காருக்குப் போய்விட்டாள். திருச்செங்கோட்டு டீச்சர் ஒருத்தர் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டியதாம்.

"இதையே வாங்கலாமுங்க. சர்வீஸ் பில்லு பூரா இருக்குது."

"சோப்பு டப்பாவாட்டம் இருக்குது புள்ள."

"சோப்பு டப்பா நாறாதுங்க."

இரண்டு நாள் இதே பேச்சு. மூன்றாம் நாள் ரசத்தில் உப்பில்லை. அப்போதுதான் அந்த மகா திட்டம் உதித்தது.

"ஏம்புள்ள, மாரியாத்தா கோயில்ல பூக் கேட்டுருவோம். வெள்ளை வந்தா உத்தரவு, செவப்புக் காரை வாங்குறோம். செவப்புப் பூ வந்தா உன்ற சோப்பு டப்பா."

பெண் பார்ப்பதிலிருந்து போர்வெல் போடுவது வரை எங்கள் பக்கம் இதுதான் வழக்கம். ஒரு பொட்டணத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. பூசாரி ஒன்றை எடுப்பார். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

"சரிங்க. பொட்டணத்தை நீங்களே மடிச்சுருங்க."

இவ்வளவு சீக்கிரம் இவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். நானோ கொல்லையில் வெள்ளை நந்தியாவட்டையைப் பறித்து இரண்டு பொட்டணத்திலும் அதையே வைத்து மடித்தேன். ஆத்தா மன்னிக்கட்டும். கூரையில் ஜன்னல் என்றால் சும்மாவா?

பூசாரி செங்கோடன் இரண்டையும் ஆத்தா காலடியில் வைத்தார். "என்ன கேக்கோணும், சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பிரவீனா கை கூப்பி உரக்கச் சொன்னாள்:

"ஆத்தா, வெள்ளைப் பூ வந்தா வெள்ளைக் காரு. செவப்புப் பூ வந்தா செவப்புக் காரு."

"ஏய், அப்படியில்ல..."

"இதுதானுங்க சுளுவு. ஆத்தாளுக்கும் கொழப்பம் வராது."

பூசாரியும் தலையாட்டிவிட்டார். கண்ணை மூடி எடுத்தார், பிரித்தார். நந்தியாவட்டை. வேறென்ன வரும்?

"இன்னொருக்கா கேட்டுப் பாக்கலாமுங்களே," என்று முனகினேன்.

"கேக்கலாமுங்க," என்றாள் பிரவீனா மெதுவாக. "அதுக்கு முன்னால அந்த இன்னொரு பொட்டணத்தையும் பிரிக்கச் சொல்லட்டுங்களா? நம்மூட்டுச் செவ்வரளியில ஒரு பூக்கூடக் கொறையல, அதான்."

செங்கோடனின் கை அதை நோக்கி நீண்டது. பாய்ந்து எடுத்துச் சட்டைப் பையில், காந்தத்துக்குத் துணையாகப் போட்டுக்கொண்டேன்.

"வேண்டாமுங்க! ஆத்தா சொன்னாச் சரிதானுங்க!"

வெள்ளைக் கார் வந்து ஆறு மாதமாகிறது. ஒரு பழுதுகூட இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலே. பிரவீனாதான் ஓட்டுகிறாள். முன்சீட்டில் என் மாமியார். நானும் காந்தமும் பின்சீட்டில்.

தெருவில் யாராவது, "நல்ல வண்டியாப் புடிச்சிருக்கறீங்க, ஆரு தேடுனது?" என்று கேட்டால், அவள் பெருமையாக என்னைக் காட்டுகிறாள்.

"இவருதானுங்க. அதுக்குப் பூவெல்லாம்கூட அவரே பாத்துப் பாத்துப் பறிச்சாரு."