முழங்கால் மாத்திரை வயிற்றில் செய்த வேலை

சாணார்பட்டி

பேரன்பும் மரியாதையும் உள்ள மச்சான் மரியராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் சிலுவைமுத்து எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே தங்கள் தங்கை முழுச் சுகம், நான் முக்கால் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

மல்லித் தோட்டத்தில் குனிந்து குனிந்து என் முழங்கால் போனது தாங்கள் அறிந்ததே. மருந்துக்கடையில் கேட்டு ஒரு வலி மாத்திரை வாங்கினேன். வலி போன இடம் தெரியவில்லை. அப்புறமென்ன, வருசக்கணக்கா வெறும் வயித்துல டீயோட அதுதான். கொஞ்ச நாளா நெஞ்சுக்குழியில ஒரே எரிச்சல். பழிய உங்க தங்கச்சி குழம்பு மேல போட்டேன். "அப்ப நீங்களே ஆக்கித் தின்னுங்க"ன்னு கரண்டியக் கையில குடுத்துட்டா. நான் ஆக்குன சோத்துக்கும் எரிஞ்சுச்சு மச்சான், வெளிய சொல்லல. பெறகு வெளிக்குப் போனா தார் மாதிரி கருப்பு. திராட்சை தின்னதுனாலன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். திண்டுக்கல் பூ மார்க்கெட்டுல மல்லிக்கு விலை பேசிக்கிட்டு நிக்கையில கண்ணு இருட்டி, பக்கத்துக் கடை செவ்வந்திக் குவியல்ல மல்லாக்க விழுந்துட்டேன். அந்தப் பக்கம் வந்த ஒருத்தர் பொணம்னு நெனச்சு செருப்பக் கழட்டிட்டு என்னயக் கும்பிட்டாராம். நான் கண்ணத் தொறந்து "வெலைய இன்னுங் கொஞ்சம் கூட்டிக் குடுங்க"ன்னதும் செருப்ப விட்டுட்டே ஓடிட்டாராம்.

ஆஸ்பத்திரியில சபிஹா டாக்டரம்மா வாய்வழியா கேமராக் குழாய விட்டுப் பாத்தாங்க. இரைப்பையில புண்ணு, ரத்தம் கசியுது. "கருப்பாப் போனது ரத்தம்தாங்கய்யா. குழம்பு ஒண்ணும் பண்ணல, அந்த மாத்திரைதான் வயித்த அரிச்சிருக்கு"ன்னாங்க. "டாக்டரம்மா, அந்தக் குழம்பு விசயத்த இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுங்க"ன்னா உங்க தங்கச்சி. வார்டே கேட்டுச்சு. ஆனா எனக்கு ரத்தம் ஏத்துறப்ப, "நீங்க போயிருந்தா நான் யாரோட சண்ட போடுவேன்"னு என் காலப் பிடிச்சுக்கிட்டு அழுதா.

இப்ப அந்த மாத்திரைய விட்டாச்சு. புண்ணுக்கு மருந்து, முழங்காலுக்குப் பயிற்சி. கஞ்சியிலருந்து இட்லிக்கு ஏறிட்டேன். புண்ணு ஆறிக்கிட்டு வருதுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. இன்னைக்கு வாய்க்கா வரைக்கும் நடந்துட்டு வந்தேன். ஆகவே தாங்கள் கவலைப்படவோ, வேலையைப் போட்டுவிட்டுப் புறப்பட்டு வரவோ வேண்டாம். அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ மாதாவை வேண்டும்,

சிலுவைமுத்து

பி.கு.: உடனே புறப்பட்டு வரவும். உங்க தங்கச்சி தோள்பட்டை வலிக்கு அதே கடையில அதே மாத்திரைய வாங்கித் தின்னுக்கிட்டு இருந்திருக்கா. "ஏன்டி சொல்லல?"ன்னா, "நீங்க விழுந்தா தூக்க மார்க்கெட்டே வரும், நான் விழுந்தா நம்ம மாடுதான் வரும்"ங்கிறா. இப்பவே குழாய விட்டுப் பாத்துட்டா மருந்துலயே சரியாயிரும்னு டாக்டரம்மா தைரியம் சொல்றாங்க. இவளோ எங்கண்ணன் வந்தாத்தான் குழாய முழுங்குவேன்னு உக்காந்திருக்கா.